பக்கத்து சீட் பிரேக்

டிவியில் ஒரு லாரி வளைவில் திரும்பியது. சோபாவில் சாய்ந்திருந்த அத்தானின் வலது கால் கார்ப்பெட்டை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. டீப்பாய் மேலிருந்த டம்ளர்கள் கிலுகிலுத்தன. "கண்ணாடியப் பாக்காமலே திருப்பறான் பாரு. இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்றார். லாரிக்காரன் அந்தப் படத்தின் வில்லன், போலீஸிடமிருந்து தப்பித்து ஓடுகிறான், கண்ணாடி பார்க்க அவனுக்கு நேரமில்லை என்று அக்கா எடுத்துச் சொன்னாள். "தப்பிச்சு ஓடறவன்தான் முக்கியமாப் பின்னாடி பாக்கணும்" என்றார் அத்தான். படத்தைப் பார்த்தோம்.

என் அக்கா வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். கற்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. இரண்டு பிரேக்கும் அடியில் ஒரே கம்பியில் கோத்தவை. இவர் மிதித்தால் அவர்கள் காலடியில் இருப்பதும் தானாக இறங்கும். திங்கள் முதல் சனி மதியம் வரை இந்த வேலை. அதனால் அந்த வலது கால் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் மிதிக்கும். லிஃப்ட் இறங்கினால் மிதிக்கும். சாப்பாட்டு மேஜையில் யாராவது தண்ணீர் ஜக்கை வேகமாகத் தள்ளினால் மிதிக்கும். எதிர் நாற்காலி என்னுடையது, என் கால் கட்டைவிரலைக் கேட்டால் கதைகதையாகச் சொல்லும். தூக்கத்திலும் மிதிப்பார் என்பது அக்கா சொல்லித் தெரியும். கட்டிலில் நடுவே ஒரு தலையணையை அணை போல வைத்துத்தான் அவள் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

கற்க வருபவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "சடன் சார்". அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவரிடம் நானும் கற்கப் போனவன்தான். மூன்றாம் பாடம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, வெகு நேரம் யோசித்துவிட்டு, "உனக்கு நடை நல்லா வருது மாப்ளே. அதையே வச்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து நான் நடக்கிறேன். அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன் என்பதாலும், சனி ஞாயிறுகளில் அக்கா கைச் சாப்பாட்டை நம்பியிருப்பவன் என்பதாலும், அவர்கள் எங்கே போனாலும் பின் சீட்டில் நானும் இருப்பேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கால் நன்றாகத் தெரியும்.

பாடம் நடத்தும்போது கத்தமாட்டார். "கழுத்து திரும்பணும்மா. கண்ணு மட்டும் திரும்புனா அதுக்குப் பேரு சைட் அடிக்கறது." இது ஒன்று. "வண்டிய ஓட்டறது கை இல்ல, சந்தேகம். சந்தேகம் ஓட்டட்டும், கை சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்." இது இன்னொன்று. ஆனால் அவர் அதிகம் சொல்வது ஒரே சொல்லைத்தான். தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க நேர்ந்தால், வண்டி நின்ற உடனே, மெல்லிய குரலில் "என்னோடது" என்பார். மிதித்தது நான், நீ இல்லை என்று அர்த்தம். இதைச் சொல்லாவிட்டால் கற்பவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு அடுத்த முறை போய் முட்டிவிடுவாராம். "திட்டறதுக்கு இல்ல மாப்ளே. கணக்கு நேரா இருக்கணும். எது யாரோடதுன்னு தெரிஞ்சாத்தான் காலு கத்துக்கும்." என்னுடைய மூன்று பாடங்களில் நான் கேட்டதெல்லாம் "என்னோடது", "என்னோடது", "இதுவும் என்னோடதுதான்".

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குத்தான் அக்கா புதுக் காரை வாங்கி வந்தாள். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். எதையும் உள்ளே பார்த்தபிறகுதான் நம்புவாள். விற்பனைக்காரனை ஒரு மணி நேரம் குடைந்தெடுத்துவிட்டு, முன்னால் பார்க்கும், பின்னால் பார்க்கும், கோடு தாண்டினால் இழுத்துப் பிடிக்கும், நாம் மிதிக்க மறந்தால் தானே மிதிக்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தாள்.

முதல் சனிக்கிழமை சாமான் வாங்கக் கிளம்பினோம். அத்தான் ஓட்டினார். அன்று அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே! தெருமுனையில் நின்ற வேனைச் சுற்றிக்கொண்டு போக வண்டியை லேசாக ஒடித்தார். ஸ்டியரிங் அவர் கையை எதிர்ப்பக்கம் இழுத்தது. "ஐயோ, யாரோ பிடிச்சு இழுக்கறாங்கடி!" என்று அலறினார். என் பக்கத்தில் வைத்திருந்த காலிப் பைகளுக்கும் பெல்ட் போடச் சொல்லி வண்டி கூவியது. மேம்பாலத்தில் ஏறியதும் எதிரே திரையில் ஆவி பறக்கும் ஒரு கப் படம் வந்தது. "என்னது, காபி குடிக்கக் கூப்பிடுதா?" என்றார். களைப்பாகத் தெரிகிறீர்கள், நிறுத்தி ஓய்வெடுங்கள் என்று சொல்கிறதாம் என்றாள் அக்கா. "நானா? களைப்பா? நான் முழிச்சுக்கிட்டே பொறந்தவன்டி!" என்று திரையைப் பார்த்து முறைத்தார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடையின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது, யாரோ கைவிட்ட ஒரு தள்ளுவண்டி சரிவில் உருண்டு குறுக்கே வந்தது. அத்தான் பார்த்துவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. அவர் கால் கிளம்பிவிட்டது. ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் வண்டி கீச்சென்று தானே நின்றது. என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. தள்ளுவண்டி எங்களைத் தாண்டி உருண்டு போயிற்று.

அத்தான் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லக் குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார்.

"நீயா மிதிச்ச?"

"என் பக்கம் பிரேக் ஏதுங்க?"

"அப்ப யாரு?"

"வண்டிதான்."

"வண்டி... எனக்கு மிதிச்சுதா?" என்றார். அந்த "எனக்கு" என்ற சொல்லில் குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பிரேக்கைத் தொட்டால் ஆள் அந்த இடத்திலேயே பெயில். அது அவர் தொழிலின் வேதவாக்கு. இறங்கினார், வண்டியைச் சுற்றி வந்தார், சாவியை அக்கா கையில் வைத்தார். "பெயிலாயிட்டேன். இனி நீயே ஓட்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. அதன்பின் வார இறுதிகளில் அக்காதான் ஓட்டினாள், அவர் பக்கத்து சீட்டில். முதலில் சில வாரங்கள் கால் தன் வழக்கப்படி வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் மிதிக்கும் முன்பே வண்டி மெதுவாகும். அவர் மிதித்து முடிப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. ஒரு ஞாயிறு காலை வண்டியைக் கழுவுகிறேன் பேர்வழி என்று முன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கேமராவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு இங்க இருக்கு மாப்ளே. சிமிட்டவே மாட்டேங்குது. நம்மள விட நல்ல வாத்தியாரு" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை! நல்ல மாணவனைக்கூட "மோசமில்ல" என்பதற்கு மேல் பாராட்டாதவர்.

பிறகு ஒரு நாள் பின் சீட்டிலிருந்து பார்க்கிறேன், சிக்னலில் முன்னால் போனவன் திடுதிப்பென்று நின்றான், நானே முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன், அத்தானின் வலது கால் இடது காலின்மேல் சாவகாசமாகக் கிடக்கிறது! கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அக்காவிடம் சொன்னேன். "அதையேன் கேக்கறே, ராத்திரியில உதையே இல்லடா" என்றாள் அவள், கண் கலங்க. தலையணை அணையை எடுத்துவிட்டாளாம். துரத்தல் காட்சி வரும் படம் ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பார்த்தோம். கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அத்தான் காலை நீட்டிக்கொண்டு கடலை கொறித்தார். ஊர் கண் படப்போகிறது என்றேன் நான், அறிவுகெட்டவன்.

போன சனிக்கிழமை காலை எனக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. ஸ்கூல் கார் அந்த வழியாகத்தான் போகும், ஏறிக்கொள் என்றார் அத்தான். ஸ்டியரிங்கில் ஒரு பெண் இருந்தாள். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. டெஸ்டில் இரண்டு முறை தோற்றவள். திங்கட்கிழமை மூன்றாவது. அதிலும் போனால் அந்த வேலை வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள், சிக்னலில் நின்றபோது, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. "கழுத்து" என்றார் அத்தான். அவள் உடனே முன்னால் திரும்பினாள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். குறுகிய குடியிருப்புத் தெரு. இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து, பக்கச் சக்கரம் வைத்த ஒரு சின்னச் சைக்கிள் சர்ரென்று வெளியே வந்தது. மேலே ஒரு பெண் குழந்தை. ஐயோ என்றுதான் நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

வண்டி நின்றது. பம்பருக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்க இடமில்லை. குழந்தை எங்களைப் பார்த்தது, மணியை ஒரு தடவை அடித்தது, எதிர் வீட்டு வாசலுக்குள் போய்விட்டது.

இன்ஜின் அணைந்துபோயிருந்தது. நான் "என்னோடது" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பழக்கதோஷத்தில் அத்தானின் காலைப் பார்த்தேன். அது பிரேக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, வீட்டு சோபாவில் கிடப்பதைப் போலக் கிடந்தது.

நர்ஸ் இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க மிதிச்சீங்க, புள்ள பொழச்சுது. நான் அப்படியே கல்லு மாதிரி இருந்துட்டேன் சார். என் காலுக்கடியில பிரேக் தானா எறங்குச்சு. நான் மட்டும் தனியா ஓட்டியிருந்தா? வேணாம் சார். டெஸ்டும் வேணாம், வேலையும் வேணாம். ஒரு புள்ளயக் கொன்னுட்டு நான் எந்த நோயாளியக் காப்பாத்தப் போறேன்?"

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "இறங்குங்கம்மா, நான் ஓட்டறேன்" என்றார். அவ்வளவுதான்! எனக்கு ரத்தம் கொதித்தது. மிதித்தவள் அவள். அது தெரியாமல் அவள் தன் பிழைப்பையே தூக்கி எறிகிறாள். அது தெரிந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இன்டிகேட்டர் போடுகிறார். பல் மருத்துவர் அன்று எந்தப் பல்லைத் தொட்டார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. கடைக்குப் போகும் நேரமாயிற்று என்று அக்கா பைகளை எடுத்து வைத்தாள். அவர் அசையவில்லை. நான் நேராகவே கேட்டேன்.

"அத்தான், நீங்க மிதிக்கல."

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

தலையை ஆட்டினார். "நான் அந்தப் புள்ளயப் பாத்தேன் மாப்ளே. உனக்கு முன்னாடியே பாத்தேன். காலு போகல. வண்டி நிறுத்தும்னு இருந்துடுச்சு. அந்த ஓட்ட ஸ்கூல் வண்டி! அதுல ஹாரனே ஒழுங்கா அடிக்காது. அது நிறுத்தும்னு என் காலு காத்துக்கிட்டு இருந்துச்சு." வலது தொடையில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "இத நான் வெளியில சொன்னா அந்த சீட்டுல என்னை எவன் உக்கார வைப்பான்? எனக்கு வேற என்ன தெரியும்?"

அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். கையிலிருந்த பையை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த வண்டியைத் தேடித் தேடி வாங்கியவள் அவள்தானே. திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யாரு மிதிச்சதுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொன்னீங்களா?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழம டெஸ்டுங்க" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னை வந்து எழுப்பினார். முகம் வழிக்கவில்லை, கண்கள் சிவந்திருந்தன. ஸ்கூல் காரில் போனோம். நர்ஸின் குடியிருப்பு வாசலில் நின்று வாட்ச்மேனை அனுப்பிக் கூப்பிட்டோம். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. அத்தானைப் பார்த்ததும், "சார், நான்தான் வரலன்னு சொன்னேனே" என்றாள்.

"நேத்து மிதிச்சது என்னோடது இல்லம்மா" என்றார் அத்தான். "உங்களோடது. நான் மிதிக்கல. என் காலு அசையவே இல்ல. புள்ளயக் காப்பாத்துனது நீங்க. நான் உங்களுக்கு நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லாம வந்துட்டேன், தப்பு."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கொஞ்சம் பரிதாபமாக. "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க. நீங்க மிதிக்காம இருப்பீங்களா? உங்களுக்குப் பேரே சடன் சாரு."

நான் முன்னால் போய், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றேன். "நீங்க அவரு மச்சான்தானே? அவரு சொன்னதத்தான் நீங்களும் சொல்வீங்க" என்றாள். நியாயமான பேச்சு. உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் இப்படி ஒரு கஷ்டம் வரும் என்று யார் கண்டார்கள்? பொய் சொல்லியிருந்தால் சுலபமாக நம்பியிருப்பாள் போல.

அத்தான் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். "ஒரே ஒரு சுத்து வாங்கம்மா. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். எதற்கு ஒத்துக்கொண்டாள் என்று தெரியாது. ஒருவேளை அவர் சவரம் செய்யாத முகத்தைப் பார்த்திருப்பாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறினேன். ஞாயிறு காலை, தெருவில் நடமாட்டமே இல்லை.

அத்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார். ஒன்று, இரண்டு, இரண்டு ஷூக்களையும் கழற்றிக் கதவோரம் வைத்தார். என்ன செய்கிறார் இந்த மனிதர் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள், இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான்!" என்றேன்.

அவள் அவர் மடித்த கால்களைப் பார்த்தாள். பிரேக்கைப் பார்த்தாள். அதன்மேல் யார் காலும் இல்லை. "சார், காலக் கீழ போடுங்க சார்" என்றாள், அழுகிற குரலில்.

"போங்க" என்றார் அவர்.

அவள் கழுத்தைத் திருப்பினாள். ஒரு பக்கம் முழுக்க, பிறகு மறுபக்கம் முழுக்க. வண்டி நகர்ந்தது. முதல் திருப்பம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது திருப்பத்துக்கு முன்னால், நின்றுகொண்டிருந்த ஒரு டெலிவரி வேன் இன்டிகேட்டர்கூடப் போடாமல் எங்கள் முன்னால் மூக்கை நீட்டியது. நான் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றது. அதிராமல், அழகாக நின்றது. வேன்காரன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

அவள் மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சம்மணம் கலையவில்லை. அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் வலது முழங்காலை இரண்டு கைகளாலும், விரல்கள் வெளுக்க, அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.